வைட்டமின் கே கிரீம் தோலுக்கு உண்மையிலேயே பலன் தருமா? அம்மா கையில் ஊதாத் திட்டுகள்

மல்லிகைப்பந்தல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. ஒரு வருடமாக இரண்டு முன்கைகளிலும் ஊதா நிறத் திட்டுகள் வருகின்றன. எங்கேயும் இடித்துக்கொண்டதாக அவருக்கு நினைவே இல்லை. தொட்டால் வலியும் இல்லை. ஓரம் மட்டும் தெளிவாக, தாளில் மை சிந்தியது போல இருக்கும். சாதாரணமாக அடிபட்டு ரத்தம் கட்டினால் நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறித்தானே மறையும்? இது அப்படி மாறுவதில்லை. இரண்டு மூன்று வாரம் கருஞ்சிவப்பாகவே இருந்துவிட்டு, போகும்போது ஒரு பழுப்புக் கறையை விட்டுவிட்டுப் போகிறது.

வைட்டமின் கே குறைந்தால் இப்படி வரும், கிரீமாகத் தடவினால் சரியாகும் என்று பல இடங்களில் படித்தேன். ஒரு ட்யூப் வாங்கிப் பத்து நாளாகத் தடவி வருகிறோம். பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டுமா, மாத்திரையாகக் கொடுக்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பறவை

நானும் கே கிரீம் போடுகிறேன், கண்ணுக்குக் கீழே கருவளையத்துக்கு. இரவு ஷிஃப்ட் வேலை. இரண்டு மாதமாகிறது. லேசாகக் குறைந்த மாதிரி தெரிகிறது. ஆனால் அதே நேரத்தில் தூக்கத்தையும் ஒழுங்குபடுத்தினேன், அதனால் எது காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யாராவது விளக்கினால் எனக்கும் உதவும்.

மாத்திரைப்பெட்டி

மல்லிகைப்பந்தல், நான் இருபது வருடமாக மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். மருத்துவர் அல்ல, அதனால் இது இன்ன நோய் என்று சொல்ல மாட்டேன். கிரீமைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மூன்று கேள்வி. அம்மா வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறார்? தோலில் ஏதாவது களிம்பு நீண்ட நாளாகப் போடுகிறாரா? பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம் போவது, சின்னக் கீறலுக்குக்கூட ரத்தம் நிற்காமல் இருப்பது, இதெல்லாம் உண்டா?

இவற்றுக்குப் பதில் தெரியாமல் ‘கே போடுங்கள்’ என்றோ ‘போடாதீர்கள்’ என்றோ சொல்வது சரியில்லை.

உயிர்வேதி

உயிர்வேதியியல் முதுகலை மாணவன். அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதில் வருவதற்குள், இந்த வைட்டமின் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் கிரீம் விளம்பரங்களில் இருக்கும் குழப்பம் இது புரிந்தாலே பாதி தீரும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட கதையே தோலில்தான் தொடங்குகிறது. 1929 வாக்கில் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம், கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்துக் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார். குஞ்சுகளுக்குத் தோலுக்கு அடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. அதுவரை தெரிந்த எந்த வைட்டமினைக் கொடுத்தும் அது நிற்கவில்லை. 1935இல், காணாமல் போன அந்தப் பொருளுக்கு ‘கே’ என்று பெயர் வைத்தார். ரத்தம் உறைவதைக் குறிக்கும் ‘கோயாகுலேஷன்’ என்ற சொல்லை டேனிஷ், ஜெர்மன் மொழிகளில் கே எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள், அதிலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்காவில் எட்வர்ட் டாய்சி இதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். 1943ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் இருவருக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வைட்டமின் கே தானாக ரத்தத்தை உறையவைப்பதில்லை. கல்லீரல், ரத்தம் உறைய வேண்டிய சில புரதங்களைச் செய்கிறது: 2, 7, 9, 10 என்று எண் போட்ட காரணிகள். அவை செய்து முடிந்ததும் அப்படியே வேலைக்கு ஆகாது. அவற்றின் சில இடங்களில் கார்பாக்சில் தொகுதி என்ற ஒரு சிறு அணுக்கூட்டம் கூடுதலாக ஒட்ட வேண்டும். அது ஒட்டினால்தான் புரதம் கால்சியத்தைப் பிடிக்கும், கால்சியத்தைப் பிடித்தால்தான் ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில் போய் ஒட்டி வேலையைத் தொடங்கும். அந்தத் தொகுதியை ஒட்டும் நொதிக்குத் துணையாக நிற்பதுதான் வைட்டமின் கே. வார்ஃபரின் என்ற மருந்து, ஒருமுறை பயன்பட்ட கேயை உடம்பு புதுப்பித்துத் திரும்பப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது, அதனால்தான் அது ரத்தம் எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த வேலை நடப்பது கல்லீரலில். முன்கையில் தடவிய கிரீம், தடவிய இடத்திலேயே ரத்தத்தை உறையவைக்கும் என்று சொன்னால் கணக்கு இடிக்கிறது. அதோடு, ரத்தக்கட்டு என்பது ஏற்கனவே குழாயை விட்டு வெளியே வந்துவிட்ட ரத்தம். அதை அப்புறப்படுத்துவது உறைதல் வேலை இல்லை. அங்கே வரும் விழுங்கு செல்கள் ஹீமோகுளோபினைச் சிதைக்கின்றன. அந்தச் சிதைவில்தான் முதலில் பச்சை நிறமி, அப்புறம் மஞ்சள் நிறமி வருகிறது. மிச்சமாகும் இரும்புதான் பழுப்பாகத் தங்குகிறது.

மல்லிகைப்பந்தல்

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை, நன்றி.

மாத்திரைப்பெட்டி அக்கா: நாலு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள், அதிலிருந்து தினமும் குறைந்த அளவு ஆஸ்பிரின். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. முன்கையில் அரிப்புடன் எக்ஸிமா இருந்ததால் ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அது இரண்டு வாரத்துக்கு என்றுதான் சொன்னார்கள். அம்மா அரிக்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கேட்டால் மூன்று வருடம் இருக்கும் என்கிறார்! எனக்கு இன்றுதான் தெரியும். ஈறு, மூக்கு, மலம் எதிலும் ரத்தம் இல்லை.

மாத்திரைப்பெட்டி

சரி, இப்போது படம் கொஞ்சம் தெளிவாகிறது. முதல் வேலை, இந்த மூன்று விவரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். இதை இரண்டு முறை சொல்கிறேன், ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

வயதாகும்போதும், வருடக்கணக்கில் வெயில் பட்டாலும், தோலின் அடி அடுக்கில் உள்ள கொலாஜன் மெலிந்துபோகும். சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றிப் பஞ்சு போலத் தாங்கி நிற்பது அதுதான். அது போய்விட்டால் கதவில் லேசாக உரசினாலே குழாய் கிழிந்து ரத்தம் பரவும். முதுமைப் பர்ப்யூரா என்பார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு களிம்பும் இதே போலத் தோலை மெலியச் செய்யும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆஸ்பிரின் குறைக்கும். மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் நீங்கள் சொன்ன திட்டுகள் வர நிறைய வாய்ப்பு உண்டு. நிறம் மாறாமல் இருந்து பழுப்பாக முடிகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி மருத்துவருக்கு ரொம்ப உதவும், மறக்காமல் சொல்லுங்கள்.

இதில் எதுவும் வைட்டமின் கே குறைபாடு இல்லை என்பதைக் கவனியுங்கள். நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கு அந்தக் குறைபாடு அபூர்வம். பித்தநீர் அடைப்பு, குடல் கொழுப்பை உறிஞ்சிக்கொள்ள முடியாத நோய்கள், சாப்பாடே இல்லாமல் நீண்ட நாள் ஆன்டிபயாடிக் போன்ற நிலைகளில்தான் வரும். பிறந்த குழந்தைகளுக்கு இருப்பு குறைவாக இருப்பதால் பிறந்தவுடன் ஊசி போடுகிறோம். பெரியவர்களிடம் சந்தேகம் வந்தால், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் புரோத்ராம்பின் நேரம் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதைப் பார்க்காமல் மாத்திரை தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரவுப்பறவை

அப்படியானால் கிரீமில் எதுவுமே இல்லையா? ஆய்வுகள் இருக்கின்றன என்று படித்தேனே.

உயிர்வேதி

இருக்கின்றன அண்ணா, ஆனால் எல்லாம் சின்ன சின்ன ஆய்வுகள். எனக்குத் தெரிந்ததில் ஓரளவு ஒழுங்காகச் செய்தது 2002இல் வெளியான ஒன்று. முகத்தில் லேசர் சிகிச்சை எடுத்த 22 பேர். ஒரு பாதி முகத்தில் கே கிரீம், மறுபாதியில் கே இல்லாத வெறும் கிரீம். லேசருக்கு முன்னால் இரண்டு வாரம் தடவியவர்களுக்கு ரத்தக்கட்டு வராமல் தடுக்கவில்லை. பின்னால் தடவியவர்களுக்கு, முக்கியமாக முதல் சில நாட்களில், கட்டின் கடுமை குறைந்தது. அதாவது வருவதைத் தடுப்பதற்கு இல்லை, வந்தது சீக்கிரம் போவதற்குக் கொஞ்சம் உதவலாம்.

1999இல் ஓர் ஆய்வு, 1 சதவீதக் கேயுடன் 0.3 சதவீத ரெட்டினால் (வைட்டமின் ஏயின் ஒரு வடிவம்) சேர்த்தால் கட்டு வேகமாகக் கலைகிறது என்றது. 2010இல் 16 பேரின் கையில் லேசரால் ரத்தக்கட்டு உண்டாக்கிப் பார்த்தார்கள். அதில் அதே கே-ரெட்டினால் கலவையைவிட 20 சதவீத ஆர்னிகா மூலிகைக் களிம்பு நன்றாக வேலை செய்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறுதியாக எதையும் பிடித்துக்கொள்ள முடியாது.

கருவளையத்துக்கு எல்லோரும் காட்டுவது 2004இல் ஜப்பானில் 57 பேரிடம் 8 வாரம் நடந்த ஆய்வு. அந்த ஜெல்லில் 2 சதவீதம் கே, கூடவே ரெட்டினால், வைட்டமின் சி, வைட்டமின் ஈ. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெறும் ஜெல் போட்ட குழு இல்லை. நாலு சரக்கில் எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

மாத்திரைப்பெட்டி

இரவுப்பறவை தம்பி, பணம் போடுவதற்கு முன் உங்கள் கருவளையம் எந்த வகை என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் கண்ணாடியோடு நின்று, கீழிமைத் தோலை விரலால் மெதுவாகக் கீழே இழுங்கள். பழுப்பு நிறம் அப்படியே தோலோடு வந்தால் அது நிறமி. தோல் மெலிந்து நீலமோ ஊதாவோ இன்னும் தெளிவாகத் தெரிந்தால் அடியில் உள்ள ரத்தக்குழாய். முகத்தை வெளிச்சத்தை நோக்கி நிமிர்த்தியதும் கருமை மறைந்தால் அது பள்ளத்தின் நிழல், எந்தக் கிரீமும் தொடாது. பலருக்கு இரண்டு மூன்றும் கலந்திருக்கும். கேயிடம் ஏதாவது எதிர்பார்க்கலாம் என்றால் அது நடு வகையில் மட்டும்தான்.

இரவுப்பறவை

இப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பாதிக்கு மேல் நிழல்தான், அக்கா. நிமிர்ந்ததும் போய்விடுகிறது. இரண்டு மாதம் இதைத் தெரியாமலே தடவியிருக்கிறேன்.

தென்றல்

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். காலில் மெல்லிய சிவப்பு நரம்புகளுக்காகக் கே கிரீம் போட்டேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நாலாவது வாரம் தடவிய இடம் மட்டும் சிவந்து, பொடிப் பொடியாகக் கொப்புளம் வந்து, இரவெல்லாம் அரிப்பு. இரண்டு நாளில் தடவாத இடத்துக்கும் பரவியது. தோல் மருத்துவர் கிரீமில் உள்ள பொருட்களைத் தனித்தனியாக முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்தார். நான் நினைத்தது மணம் சேர்க்கும் பொருளாக இருக்கும் என்று. சிவந்தது கே ஒட்டிய கட்டம். எனக்குக் கிரீம் கொடுத்தவர்கள் ‘இது வைட்டமின், இதற்கு அலர்ஜியே வராது’ என்று அடித்துச் சொன்னார்கள். அந்த வார்த்தையை நம்பியதால்தான் கொப்புளம் வந்த பிறகும் இரண்டு நாள் தடவினேன்.

உயிர்வேதி

தென்றல் அக்கா சொன்னது தனிக்கதை இல்லை. இந்தக் காரணத்துக்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் அழகுசாதனங்களில் வைட்டமின் கே1 சேர்ப்பதைத் தடை செய்தது. கிரீமால் ஒருவருக்கு ஒவ்வாமை உண்டாகிவிட்டால், பின்னால் உயிர் காக்க அதே கே ஊசி தேவைப்படும்போது சிக்கலாகும் என்பது அவர்கள் கவலை. அதன் பிறகு சில நிறுவனங்கள் கே ஆக்சைடு என்ற வடிவத்துக்கு மாறின. அதற்கும் ஒவ்வாமை வந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பட்டியலில் பைட்டோனடையோன், பைட்டோமெனடையோன், பில்லோகுயினோன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது கே1தான்.

நடைபயணி

அறுபத்து மூன்று வயதுக்காரன் நான். செயற்கை இதய வால்வு, ஒன்பது வருடமாக வார்ஃபரின். கே2 (வைட்டமின் கேயின் இன்னொரு வகை) மாத்திரை சாப்பிட்டால் தோல் சுருக்கம் குறையும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியாது என்று ஒரு காணொளியில் கேட்டேன். அதில் எம்கே-7 என்ற வகை, தினம் 90 மைக்ரோகிராம், மூன்று வாரம் சாப்பிட்டேன். வைட்டமின்தானே என்று மருத்துவரிடம் சொல்லவில்லை. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது ஐஎன்ஆர் 1.6. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் எண் அது, குறைந்தால் ரத்தம் எளிதில் உறையும். எனக்கு இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5. மருத்துவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. வால்வில் ரத்தம் உறைந்திருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்றார். அன்றே கே2 மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, இரண்டு வாரம் அலைந்து அளவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். வார்ஃபரின் சாப்பிடும் யாராவது இதைப் படித்தால், தயவு செய்து என் தவற்றைச் செய்யாதீர்கள்.

மாத்திரைப்பெட்டி

ஐயா, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. எம்கே-7 உடம்பில் சில நாட்கள் தங்கும், கே1 சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து இறங்கிவிடும். அதனால்தான் சின்ன அளவு எம்கே-7கூட வார்ஃபரினை எதிர்க்கிறது. தினம் 10 மைக்ரோகிராம் கூடச் சிலருக்கு ஐஎன்ஆரை இறக்கியிருக்கிறது. கீரையில் கே1 நிறைய இருக்கிறது, ஆனாலும் வார்ஃபரின் எடுப்பவர்கள் கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமே இல்லை என்று இல்லாமல் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தை அதற்கேற்ப அமைத்துவிடலாம்.

மல்லிகைப்பந்தல்

ஐயா சொன்ன சுண்ணாம்புப் படிவு விஷயம் உண்மையா? அதற்கும் தோலுக்கும் என்ன தொடர்பு?

உயிர்வேதி

அக்கா, எனக்கு இந்த வைட்டமினில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். எம்ஜிபி என்று ஒரு புரதம் இருக்கிறது, மேட்ரிக்ஸ் ஜிஎல்ஏ புரதம். எலும்பல்லாத மென்மையான திசுக்களில் கால்சியம் படியாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதற்கும் கேயின் அதே ஒட்டுவேலை தேவை, இது கல்லீரலில் மட்டும் நடப்பதில்லை.

கார்பாக்சில் தொகுதியை ஒட்டும் நொதியின் மரபணு பிறவியிலேயே பழுதாக இருக்கும் சிலர் உண்டு. மிக அபூர்வம். அவர்களுக்கு ரத்தம் உறைவதில் குறை இருக்கும், கூடவே கழுத்திலும் அக்குளிலும் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் தோலின் மீள்நார்கள் துண்டு துண்டாக உடைந்து, அவற்றின் மேல் கால்சியம் படிந்திருக்கும். ஆகக் கே நடத்தும் வேலை தோலின் மீள்தன்மைக்குத் தேவை என்பது நிச்சயம்.

ஆனால் இதிலிருந்து ‘கே நிறையச் சாப்பிட்டால் சுருக்கம் போகும்’ என்று தாவக் கூடாது. கிட்டத்தட்ட இதே தோற்றம் வரும் சூடோசாந்தோமா எலாஸ்டிகம் என்ற நோயின் எலி மாதிரியில், உணவில் கேயைக் கூட்டிப் பார்த்தார்கள். கால்சியம் படிவது குறையவில்லை. இல்லாமல் போனால் கெடும் என்பது ஒன்று, அதிகமாகக் கொடுத்தால் மேம்படும் என்பது வேறு. விளம்பரங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கின்றன.

தென்றல்

அப்போது காயம் ஆறுவதற்கு?

உயிர்வேதி

ஆரம்பக் கட்டம். எலிகளில் வைட்டமின் கே களிம்பு தடவிய காயம் வேகமாக மூடியது. மனிதர்களிலும் ஒரு சின்ன ஆய்வு வந்திருக்கிறது, மருவைக் கருக்கி எடுத்தது போன்ற சிறு காயங்களில். நம்பிக்கை தருகிறது, ஆனால் இதை வைத்து வீட்டில் திறந்த காயத்தில் அழகுக் கிரீம் தடவக் கூடாது.

மல்லிகைப்பந்தல் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் விவரம் சொல்ல வேண்டும் என்று வந்தேன். மருத்துவர் பிளேட்லெட் எண்ணிக்கை, புரோத்ராம்பின் நேரம் இரண்டும் பார்த்தார். இரண்டும் சரியாக இருக்கின்றன. கே குறைபாடு இல்லை. அம்மாவின் முன்கைத் தோலை இரண்டு விரலால் லேசாகக் கிள்ளிக் காட்டினார். ஈரமான டிஷ்யூ தாள் போலச் சுருங்கி, மடிப்பு விழுந்து, திரும்பப் படியக் கொஞ்ச நேரம் ஆனது. நான் தினமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், இத்தனை மெலிந்துவிட்டது என்று கவனிக்கவே இல்லை.

மாத்திரைப்பெட்டி அக்கா சொன்னதேதான். வயது, வெயில், ஸ்டீராய்டு களிம்பு, அதோடு ஆஸ்பிரின். ஆஸ்பிரின் தொடர வேண்டும் என்று அழுத்திச் சொன்னார். ஸ்டீராய்டுக்குப் பதிலாக வேறொரு களிம்பு எழுதினார். காலையும் இரவும் கெட்டியான ஈரப்பதக் கிரீம், வெளியே போனால் முழுக்கைச் சட்டை, வெயில் காப்புக் கிரீம். கே கிரீமைக் காட்டினேன். ‘கெடுதல் தெரியவில்லை, ஆனால் இதற்குக் காரணம் அது இல்லையே’ என்று சொல்லி எடுத்து வைக்கச் சொன்னார். நிறுத்திவிட்டோம்.

இப்போது ஒவ்வொரு திட்டு வரும்போதும் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, பக்கத்தில் தேதி எழுதிப் படம் எடுத்து வைக்கிறேன். களிம்பை நிறுத்திய முதல் வாரத்தில் மூன்று வந்தன. போன வாரம் ஒன்றுதான், சுண்டுவிரல் நகம் அளவு.

மாத்திரைப்பெட்டி

ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. மெலிந்த தோல் தேறினால் மெதுவாகத்தான் தேறும், வயதால் மெலிந்தது முழுசாகத் திரும்பாது, அதனால் எண்ணிக்கை ஏறி இறங்கினால் பயப்படாதீர்கள். படங்களை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மா கட்டில் ஓரமோ மேசை முனையோ அடிக்கடி உரசும் இடம் இருந்தால், அங்கே ஒரு மெத்தென்ற துணியைச் சுற்றி வையுங்கள்.

மல்லிகைப்பந்தல்

சுற்றிவிட்டேன் அக்கா. சமையலறைக் கதவின் தாழ்ப்பாள்தான். இடது கைத் திட்டுகள் எல்லாமே அந்த உயரத்தில் இருந்தன.